வெட்டி எறிந்த வாசற்படி

எழுபதுகளில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பஞ்சாலை ஊரில் அண்ணையும் நானும் ஆறு வருடம் வேலை செய்தோம். கரி பிடித்த செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரிசை. தெருவுக்குக் குறுக்கே கொடி கட்டி உடுப்புக் காயப்போடுவார்கள். மொன்றியலுக்கு வந்து, பியர்பொன்ட்ஸ் புறநகரில் வீடு வாங்கிய பிறகு, அண்ணையின் பேச்சில் அந்த ஊர் 'லண்டனுக்குக் கிட்ட' ஆகிவிட்டது. ரயிலில் நாலு மணித்தியாலம். கிட்டத்தான்.

என் மனைவி இறந்து மூன்றாம் மாதம், ஒரு பழைய படம் கேட்டு அண்ணை வீட்டுக்குப் போனேன். இங்கிலாந்தில், சனிக்கிழமைகளில் அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் முழங்காலில் நின்று வாசற்படி தேய்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வீடு கூட்டத் தும்புத்தடியே தொடாத என் மனைவியும் இரண்டே மாதத்தில் வாளியோடு இறங்கிவிட்டாள். அவள் படி தேய்க்கும் அந்தப் படம் அண்ணையின் கமராவில் எடுத்தது. என்னிடம் பிரதி இல்லை.

அண்ணியின் வரவேற்பறையில் புதிதாக ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. கரி பிடித்த செங்கல் வரிசை, உடுப்புக்கொடி, முழங்காலில் படி தேய்க்கும் ஒரு வெள்ளைக்காரி.

"புவாண்ட்-கிளேர்ல ஒரு கடையில வாங்கினது, தம்பி. பழைய இங்கிலாந்து. பாக்கப் பாக்க ஒரு அமைதி, என்ன?" என்றார் அண்ணி.

அந்த அமைதியில் எங்களுக்குக் கழிப்பறை பின்முற்றத்தில் இருந்தது. அதைச் சொல்லாமல் ஆல்பத்தைக் கேட்டேன்.

முதல் படத்தில் அண்ணையும் நானும் ஒரு காருக்கு முன்னால் நிற்கிறோம். யாருடைய காரோ; ஊருக்கு அனுப்பும் படங்களில் எல்லாம் யாருடைய காரோ ஒன்று நிற்கும். படத்தின் ஒரு பக்கம் நேராக வெட்டப்பட்டிருந்தது. அடுத்த படமும் அப்படியே. ஆறு வருடத் தெருவில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.

"மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த ஆக்கள் ஆல்பம் பாக்கக் கேட்டவை. எங்கட வீட்டுப் பொம்பிளை தெருவில முழங்கால்ல நிக்கிறதைக் காட்டேலுமோ? நான்தான் வெட்டினனான்."

"வெட்டின துண்டு எங்கை, அண்ணி?"

"அதை ஆர் வைக்கிறது? குப்பையில போட்டிட்டன். தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

அண்ணை யன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் கேட்காமல் அந்த முதல் படத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பஸ்ஸில் எடுத்துப் பார்த்தேன். அன்று பக்கத்து வீட்டுக்காரர் கமராவை அழுத்துகிற நேரம், படியில் இருந்தபடி என் மனைவி, "கார்க்காரன் வாறான், கையை எடுங்கோ!" என்று கத்தினாள். படத்தில் அண்ணையின் கை காரை விட்டுப் பதறி எழும்பி நிற்கிறது. நான் அவள் பக்கம் திரும்பி வாய் கொள்ளாமல் சிரிக்கிறேன். அங்கே கத்தரிக்கோல் போன கோடு மட்டும் இருக்கிறது.