வயிறு எரியுது

பாலையூற்றில் என் கணவரின் தங்கை புது வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று காலை, பால் பொங்குவதற்கு முன்பே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. எரிந்தது என்றால் உண்மையாகவே எரிந்தது. தொப்புளைச் சுற்றிப் பிடித்த எரிவு மெல்ல வலப்பக்கம் கீழே இறங்கி, அங்கேயே குந்திக்கொண்டது.

நான் செய்த ஒரே பிழை, அதை உள்ளபடி தமிழில் சொன்னதுதான்.

"இஞ்சருங்கோ, எனக்கு வயிறு எரியுது" என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். சுற்றிலும் சனம். கலியாணம் முடித்த நாளிலிருந்து நகரத்தில் வாடகை வீட்டில் குடியிருப்பவள் நான். அப்படிப்பட்டவள் மச்சாளின் புது வீட்டு நடுவில் நின்று வயிறு எரிகிறது என்றால், அதற்கு எங்களுக்குள் ஒரே அர்த்தம்தான். அவர் முகம் கறுத்துப் போனது.

"இண்டைக்காவது உந்தக் கதையை விடும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்?"

கேட்கக் கூடாதவள் கேட்டுவிட்டாள். பால் பானையின் கழுத்தைத் தாண்டிப் பொங்கி வழிந்தபோது எல்லோரும் பானையைப் பார்த்தார்கள். மச்சாள் என்னைப் பார்த்தாள். சற்று நேரத்தில் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து வாசலைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது, ஒருவருக்கும் இருமல் வரவில்லை. "பாத்தியளோ, நெடியே இல்லை. பொல்லாத கண்தான்" என்றாள் பொதுவாக. குசினி யன்னல் அகலத் திறந்து கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனால் இனி நான் என்ன சொன்னாலும் அது பொறாமைக் கணக்கில்தான் சேரும்.

எனக்கும் கோபம் பொங்கியது. பாலுக்கும் பொங்குதல், கோபத்துக்கும் பொங்குதல். துறைமுகத்துக் கப்பல் முகவர் கந்தோரில் நாள் முழுக்க இங்கிலீஷ் கடிதங்களோடு கிடப்பவள் நான். அந்த மொழிக்கும் இதே வியாதி உண்டு. தீப்பற்றும் சரக்குக்கு ஒட்டுகிற சொல், வீங்கிச் சிவந்த முழங்காலுக்கு டொக்டர் சொல்லும் சொல், சனத்தை உசுப்பிவிடும் பேச்சுக்குப் பத்திரிகை போடும் சொல், மூன்றும் ஒரே நெருப்பில் பிறந்தவை. அன்று அதையெல்லாம் ரசிக்கும் நிலையில் நான் இல்லை. வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வாய் சோறும் இறங்காமல், இடுப்பைப் பிடித்தபடி இருந்தேன். சாப்பிடாததும் குற்றமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்தேன். உடம்பு கொதித்தது. அவர் கதிரையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன்.

"மனசைக் கொஞ்சம் ஆற விடும். எல்லாம் சரியாப் போகும்."

மனசு. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே செருப்பைப் போட்டுக்கொண்டு படலை வரைக்கும் நடந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை, மதிலைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அதைப் பார்த்துத்தான் அவர் ஓட்டோவை மறித்தார். இவர் கையால் செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பயத்தைவிட, நான் சொன்னதை நம்பவில்லையே என்ற வெப்பிசாரம்தான் அதிகம்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. தமிழ் கொஞ்சம்தான் வரும். என்ன செய்கிறது என்று கேட்டபோது நான் வயிற்றில் கையை வைத்தேன். என் கணவர் முந்திக்கொண்டு, "பேர்னிங், டொக்டர். வீட்டில சின்னப் பிரச்சினை, அதால கொஞ்சம் டென்ஷன்" என்றார். அந்தப் பிள்ளை அவரைக் கணக்கெடுக்காமல் என் வலப்பக்கம் கீழ் வயிற்றை மெல்ல அழுத்தி, சட்டென்று கையை எடுத்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி உட்கார்ந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டர் திரும்பி வந்து, அப்பெண்டிக்ஸ் வீங்கிச் சிவந்து மோசமாக 'இன்ஃபிளேம்ட்' என்றும், வெடிக்கும் நிலையில் இருக்கிறது என்றும் இங்கிலீஷில் சொன்னாள்.

என் கணவருக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஆனால் அவர் எண்ணெய் பவுசர் ஓட்டுகிறவர். துறைமுகத்துப் பக்கத்திலிருந்து எரிபொருள் ஏற்றிக்கொண்டு போகிற அந்த பவுசரின் பின்புறப் பலகையில் சிவப்பு எழுத்தில் 'இன்ஃபிளேமபிள்', தீப்பற்றும், என்று எழுதியிருக்கும். அந்தப் பலகையைத் துடைக்காமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார். அதன் அருகில் ஒருவன் பீடி பற்றவைத்தால் இறங்கிப்போய் அடிப்பார். அந்தச் சொல்லுக்கு மட்டும் அவருக்கு அகராதி தேவையில்லை.

"இன்ஃபிளேமோ?" என்றார். "நெருப்போ, டொக்டர்? இவவுக்கு உள்ளுக்கோ?"

அதன்பிறகு அவர் நிற்கவில்லை. தியேட்டர் எங்கே, ஏன் சுணங்குது, ஆர் பொறுப்பு என்று ஆஸ்பத்திரியையே ஒரு உலுப்பு உலுப்பினார். கட்டிலில் கிடந்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து நான் தமிழில் சொன்னது பொறாமை. அதையே டொக்டர் இங்கிலீஷில் சொன்னால் நெருப்பு. மயக்க ஊசி ஏறும் வரைக்கும் எனக்கு அந்த எரிச்சல் அடங்கவில்லை.

வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வயிறு முழுக்கச் சீழ் பரவியிருக்கும் என்றார்கள்.

மறுநாள் மச்சாள் கஞ்சியோடு வந்தாள். கட்டிலருகே நின்று, "இப்ப எப்பிடி மச்சாள்? வயிறு எரியுறது நிண்டிட்டுதோ?" என்றாள். கேட்ட விதத்தில் இன்னும் கொஞ்சம் மிளகாய் இருந்தது.

நான் வாயெடுப்பதற்குள் அவர் முந்தினார். "உனக்கு விளங்காது. அது இன்ஃபிளேம்ட்."

"தமிழில சொல்லுங்கோ" என்றேன் நான்.

அவர் கஞ்சிப் போத்தலை வாங்கி மேசையில் வைத்தார். மூடியைத் திருகினார், திரும்பவும் பூட்டினார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவவுக்கு வயித்தில வருத்தம்" என்றார். "இவ சொன்னவ. நான்தான் நம்பேல்லை."