அத்தான் கொண்டுவந்த படை

அக்காவைக் கட்டிக்கொண்டு அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது அறுபதுகளின் பின்பாதியில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். அத்தான் மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். தன்னாமுனையில் எங்கள் ஒழுங்கையில் அதற்கு முன் நீளக் காற்சட்டை போட்டு வேலைக்குப் போனவர் எவருமில்லை. ஆகவே காலையில் அவர் சைக்கிளில் ஏறுவதை வேலியோரம் நின்று பார்க்க ஆட்கள் இருந்தார்கள். அது தெரிந்து அவரும் மெதுவாகத்தான் ஏறுவார்.

டெட்ரோன் துணி புதிதாக வந்திருந்த காலம். ஏறாவூரில் ஒரு தையற்காரரிடம் கொடுத்து, தொடையோடு ஒட்டிப் பிடிக்கும்படி தைப்பித்துக்கொள்வார். அதற்குள் காற்றுப் போக வழியில்லை. வெயிலில் சைக்கிள் மிதித்து, நாள் முழுக்க நாற்காலியில் இருந்து, பின்னேரம் மறுபடியும் மிதித்து வருவார். வந்து, தொப்பமாக நனைந்த காற்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அதைத் தோய்க்கக் கூடாது. அடிக்கடி தோய்த்தால் மினுக்கம் போய்விடுமாம். மறுநாள் காலையில் காய்ந்து விறைத்துப்போன அதையே உதறிப் போட்டுக்கொண்டு போவார்.

அவர் சொறிவதை வந்த முதல் மாதத்திலேயே நான் கண்டுவிட்டேன். எனக்கு அப்போது இருபது வயது. வீட்டில் தையல் வேலை செய்துகொண்டிருந்தேன், கண்ணுக்கும் வேறு பெரிய வேலை இல்லை. சாப்பிடும்போது இடது கை மேசைக்குக் கீழே போகும். மாதா கோயிலில் முழங்காலில் நிற்கும்போது, எல்லாரும் தலை குனிந்திருக்கும் நேரம் பார்த்து அவர் கை வேலை செய்யும். சொறிந்து முடித்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதைப் பக்தி என்று நினைத்த கிழவிகள்கூட இருந்தார்கள்.

ஒருநாள் அம்மாவே கேட்டுவிட்டா. அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"இஞ்ச ஆத்துத் தண்ணி எனக்கு ஒத்துக்கொள்ளுதில்ல மாமி. டவுனில இருக்கக்குள்ள எனக்கு ஒரு சொறியும் இல்ல."

ஆறு என்று நாங்கள் சொல்வது வாவியைத்தான். அந்த வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாழ்நாள் முழுக்க வலை வீசியவர் எங்கள் அப்பா. சாகும்வரை அவர் தோலில் ஒரு பொட்டுப் படை இருந்ததில்லை. அது அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சொன்னவர் காற்சட்டை போட்டவர்.

"ஓம் மகன், ஆறு இப்ப முந்தியப்போல இல்லத்தான்" என்றா அம்மா. அன்றிலிருந்து அவர் குளிப்பதற்கென்று கிணற்றுத் தண்ணீரை அள்ளி நிறைத்து வைப்பது என் வேலையாகியது. அவர் அதில் குளித்துவிட்டு, துவட்டாத உடம்போடு சாரனைச் சுற்றிக்கொண்டு, ரேடியோ கேட்க உட்காருவார்.

அக்காவின் இடுப்பில் முதல் வட்டம் வந்தது மூத்த பிள்ளை பிறந்த பிறகு. பாவாடை நாடா இறுகும் இடத்தில், ஓரம் சிவந்து தடித்து, நடு வெளிறிப்போய். படர்தாமரை என்று எந்தக் குழந்தையும் சொல்லும். அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, நான் சொன்னன்தானே ஆத்துத் தண்ணி எண்டு" என்றார். அவருக்கு அதில் ஒரு வெற்றிகூட இருந்தது.

அவர் நகரத்தில் தனியாக வைத்தியம் பார்த்த ஒரு டொக்டரிடம் போனார். கழுத்துப்பட்டி கட்டிய மனிதர். கந்தோர் உத்தியோகத்தர்கள் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். காற்சட்டையைக் கழற்றச் சொல்லவேயில்லை என்று அத்தான் மெச்சிச் சொன்னார். இரண்டு கனவான்கள் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பேசினார்கள். ஒருவர் மற்றவரின் தொடையைப் பார்ப்பது மரியாதையில்லை அல்லவா? பார்க்காமலே ஒரு டியூப் களிம்பு எழுதிக் கொடுத்தார். கொழும்பிலிருந்து வந்த, புதிய, வெள்ளை வெளேரென்ற களிம்பு.

பூசியதும் சொறிய வைத்த கடி நின்றது. சிவப்பு மங்கியது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கட டொக்டர்ர கையில ஒரு ராசி இரிக்கு" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். அக்காவுக்கும் பூசக் கொடுத்தார். அவர் கந்தோரில் சொறிந்துகொண்டிருந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அந்த வருசம் எல்லாரும் இறுக்கமாக உடுத்தினார்கள், எல்லாரும் சொறிந்தார்கள், எல்லாரும் அந்த டியூபையே வாங்கினார்கள். ஒருவருக்குத் தந்தது மூன்று பேரிடம் போகும்.

களிம்பை நிறுத்தினால் படை திரும்ப வந்தது. வந்தபோது முன்னிருந்த இடத்தோடு நிற்கவில்லை. மறுபடி பூசினார், மங்கியது. நிறுத்தினார், இன்னும் அகன்று வந்தது. வட்டமாக இருந்தது வட்டம் கெட்டு, தொடையிலிருந்து வயிற்றுக்கும், பின்பக்கத்துக்கும் ஊரைப் பிடிப்பதுபோலப் பரவியது. ஒரு மனிதருக்கு இதிலிருந்து ஏதாவது விளங்க வேண்டாமா? அவருக்கு விளங்கியது ஒன்றுதான், டியூப் போதாது. அடுத்த முறை இரண்டு வாங்கி வந்தார்.

பிள்ளையின் தொடையில் வந்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் பக்கத் தொடையில், அக்காவின் படை உரசும் இடத்திலேயே வந்தது. நானும் பிள்ளையைத் தூக்குவேன். கொஞ்ச நாளில் என் இடுப்பிலும் வந்தது. குமர்ப்பிள்ளைக்குப் படை என்று வெளியே தெரிந்தால் யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அம்மா அழுதா. அந்தப் படையைக் கொண்டுவந்தவருக்கு அன்று காலை முட்டை பொரித்துக் கொடுத்ததும் அவதான்.

அக்கா அப்போது வயிற்றில் இரண்டாவது பிள்ளையோடு இருந்தா. ஒருநாள் என்னிடம் வந்து, "சட்டைய மாத்துகா, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றா. அத்தானிடம் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் தோல் வருத்தம் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்து மனிதர். சிரிக்கத் தெரியாதவர். அக்கா வெட்கத்தில் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "அம்மா, காட்டினால்தான் எனக்குத் தெரியும்" என்றார். பார்த்தார். ஒரு சின்னக் கத்தியின் விளிம்பால் படையின் ஓரத்தைக் கண்ணாடித் துண்டில் சுரண்டி எடுத்தார். அதில் ஒரு துளி மருந்தை விட்டு, கொஞ்சம் பொறுத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"உதில என்ன பூசினனீங்கள்?"

அக்கா டியூபை எடுத்துக் கொடுத்தா. அவர் அதை வாசித்துவிட்டு மேசையில் எறிந்தார்.

"இது பூஞ்சணம். பாண் பழுதானால் மேல வருமே, அந்தச் சாதி. தோலில வளருது. இந்தக் களிம்பு கடியை அடக்கும், பூஞ்சணத்தைக் கொல்லாது. நீங்கள் கடி இல்லை எண்டு சந்தோசமா இருக்க, அது உள்ளுக்கு நல்லாய் வளரும். இப்ப வாற ஆக்களெல்லாம் இந்தக் கோலத்திலதான் வருகினம். ஆர் இதைத் தந்தது?"

"வீட்டுக்காரர்."

"அவர் வரேல்லையோ?"

அக்கா தலையைக் குனிந்தா. நான் சொன்னேன், "அவருக்கு ஆஸ்பத்திரி வரிசையில நிக்கேலாதாம்."

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் பேசினார். உள்ளுக்குக் குடிக்கிற குளிசை ஒன்று இருக்கிறது, பூஞ்சணத்தைக் கொல்லும், ஆனால் கிழமைக் கணக்கில் குடிக்க வேண்டும், முட்டையோ தேங்காய்ப்பால் சேர்ந்த சாப்பாடோ சாப்பிட்ட கையோடு குடிக்க வேண்டும் என்றார். வயிற்றில் பிள்ளை இருப்பதால் அக்காவுக்கு அது தர முடியாது. அக்காவுக்கும் பிள்ளைக்கும் பூசினால் எரிகிற வேறு களிம்புதான். எனக்குக் குளிசை.

"களிம்பால உங்களுக்கு மாறும். ஆனால் மனுசனுக்கு இருக்குமட்டும் திரும்பத் திரும்ப வரும். அவர் கட்டாயம் குளிசை குடிக்கோணும். அவரை இஞ்ச அனுப்புங்கோ. உடுப்பு, துவாய், படுக்கை விரிப்பு எல்லாத்தையும் கொதி தண்ணியில அவியுங்கோ."

அத்தான் போக மறுத்தார். முதல் சாட்டு, குளிசை ஈரலைப் பழுதாக்கும். இரண்டாவது, அரசாங்க டொக்டர்களுக்குப் புதிய மருந்துகளைப் பற்றித் தெரியாது. தானும் ஓர் அரசாங்கக் கிளார்க் என்பதை அப்போது மறந்துவிட்டார். கடைசியில், "எனக்கு ஒண்டுமில்ல. நீங்க மூண்டுபேரும் குளிச்சு முழுகித் துப்புரவா இரிங்க" என்றார். சொல்லும்போது கை சாரனுக்குள் இருந்தது.

அக்கா அவரோடு சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். களிம்பைப் பூசிக்கொண்டு, எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தா. ஒரு மாதம் போலப் பூசி, படை மங்கி வந்த இடத்தில் மறுபடியும் ஒரு சிவந்த விளிம்பு எழுந்தது. அதை எனக்குக் காட்டினா.

அடுத்த சனிக்கிழமை அத்தான் சாரனோடு ஏறாவூருக்கு முடி வெட்டப் போயிருந்தார். அக்கா வளவில் மூன்று கல்லை வைத்து, நெல் அவிக்கும் கிடாரத்தை ஏற்றி, தண்ணீர் ஊற்றி நெருப்பு மூட்டினா. பிறகு உள்ளே போய், ஆணியில் தொங்கியவை, பெட்டியில் மடித்திருந்தவை என்று அவருடைய காற்சட்டைகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தா.

"அக்கா, டெட்ரோன் அவிக்கக் கூடாது" என்றேன். தையல்காரிக்கு அது தெரியாதா?

"டொக்டர் எல்லாத்தையும் அவிக்கச் சொன்னார்" என்று அவ்வளவையும் கொதி தண்ணீருக்குள் போட்டு, உலக்கையால் அமுக்கினா.

அவர் திரும்பி வந்தபோது காற்சட்டைகள் கொடியில் தொங்கின. அயன் பண்ணிய மடிப்பு ஒன்றும் இல்லை. காய்ந்த பாகற்காய்போலச் சுருங்கி, பழுப்பு நீலத்தில் ஊறியும் நீலம் பழுப்பில் ஊறியும் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்காத மனிதர்.

"என்ன வேல செஞ்சிருக்காய்? திங்கக்கிழம கந்தோருக்கு எதப் போட்டுப் போற?"

"பூஞ்சணம் செத்திரிக்கும்" என்றா அக்கா. "குளிசைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க. போனா இஞ்ச இரிங்க. போகேலாட்டி உங்கட அம்மாட்டப் போங்க. இது என்ட வீடு."

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா. "புள்ள, வாய மூடுகா! உத்தியோக மாப்பிளைய இப்படியா பேசுற?"

"உத்தியோகம் கந்தோரிலம்மா. இஞ்ச படை மட்டுந்தான்."

அத்தான் தாய் வீட்டுக்குப் போனார். சுருங்கிய காற்சட்டை ஒன்றும் காலில் ஏறாததால் சாரனோடுதான் போனார். வேலியோரம் அன்றும் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

அடுத்த கிழமை அவர் விட்டுப்போன சாமான்களைக் கொடுக்க அக்காவும் நானும் நகரத்தில் அவர் தாய் வீட்டுக்குப் போனோம். மாமி வாசலுக்கு வந்தா. பேசிக்கொண்டே முழங்கையால் இடுப்பை உரசினா, பிறகு கொசுவத்துக்குள் விரலை விட்டா. உள்ளே மேசையில் அதே டியூப் கிடந்தது, அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி வந்து பாதியில் நின்றது.

"உங்களுக்கும் இரிக்கா மாமி?" என்று அக்கா கேட்டா.

"அது படை இல்ல மகள். எங்கட பரம்பரைச் சூடு. என்ட மகனுக்குச் சின்ன வயசிலருந்தே இரிக்கு."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருசத்துக்கு மேலாக எங்கள் வாவி வாங்கிய பழியெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. அத்தான் உள் அறையில்தான் இருந்தார். அந்தப் பேச்சுக்குப் பிறகு வெளியே வரவேயில்லை.

கொழும்பிலிருந்து டியூப் வருவது அந்த மழைக்காலத்தோடு தடைப்பட்டது. களிம்பு இல்லாமல் போனதும் அவர் தோல் தீப்பட்டதுபோல ஆகிவிட்டது. நடக்கும்போது காலை அகட்டி வைத்தார். அந்தக் கழுத்துப்பட்டி டொக்டர் இப்போது பார்க்கவே பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாராம். மாமியோ, தன்னால் இத்தனை உடுப்புத் தோய்க்க முடியாது என்றாவாம். ஆக, பெற்றவளும் வைத்தியனும் கைவிட்ட பிறகு, அரசாங்க வரிசையில் நின்று குளிசை வாங்கிக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனம் திருந்தி வந்தார் என்று அம்மா சொன்னா. தோல் உரிந்து வந்தார் என்பதுதான் உண்மை.

அக்கா அவருக்கு வேறு பாய், வேறு துவாய் கொடுத்தா. சாப்பாட்டுக்குப் பின் எதிரே நின்று, குளிசையை விழுங்கும்வரை பார்த்தா. மாரி முடிந்து வெயில் வரும்போது அவருக்கும் எனக்கும் மாறியிருந்தது, பிள்ளைக்கும் மாறியது. அக்காவுக்கும் பிறகு வரவில்லை. இரண்டாவது பிள்ளை பளிங்குபோலப் பிறந்தது.

அத்தானின் தொடையில் மட்டும் வெளிறிய கோடுகள் நிலைத்துவிட்டன, பிள்ளை பெற்றவள் வயிற்றில் விழுவதுபோல. கணக்கில்லாமல் அந்தக் களிம்பைப் பூசினால் தோல் மெலிந்து அப்படித்தான் ஆகும் என்று டொக்டர் அக்காவிடம் சொன்னார். அத்தான் ஊருக்குச் சொன்னது, குளிசை செய்த கேடு என்று.

சில வருசம் கழித்து, அவர் கந்தோருக்குப் புதிதாக வந்த ஒரு கிளார்க் எங்கள் வீட்டுக்கு வந்தார். இளம் மனிதர், இருந்த இடத்தில் நெளிந்துகொண்டிருந்தார். அத்தான் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார், உள்ளே போனார், அலுமாரியைத் திறந்து ஒரு டியூபைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ!

தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா அதைக் கண்டா.

"தம்பி, இவர்ர பேச்சக் கேளாதிங்க. ஆஸ்பத்திரியில போய்க் காட்டுங்க" என்றா.

அத்தான் கூரையைப் பார்த்தார். அந்த இளம் மனிதர் மிகவும் மரியாதையாக, "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று தலையாட்டினார். தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு டியூபைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.