கூடத்தில் ஒரு ஸ்டால்

பிரஷ்காரி வீட்டை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டுவிட்டாள், புருஷனை உள்ளே விடுவதில்லை என்று தெருவில் பேச்சு. போய்ப் பார்த்தால், கோடு உண்மைதான். வர்த்தகக் கண்காட்சியில் கிடைத்த பத்தடிக்குப் பத்தடி இடத்தைக் கூடத்தில் சாக்பீஸால் வரைந்து, ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள். சோபா வாசலில் கிடந்தது. மாமியார் பக்கத்து ஸ்டாலாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

தான் செய்து விற்கும் பாட்டில் கழுவும் பிரஷை எவர் நின்று பார்ப்பார் என்பதுதான் அவள் பயம்.

"நீங்க வழியில போற ஆளு. பிடிச்சா மட்டும் நில்லுங்க," என்றாள் கணவனிடம்.

"இதுக்கு எவன்டி நிப்பான்? கால் வலிச்சாத்தான் உண்டு."

அவள் கோட்டுக்குள் கட்டியிருந்த திரையை விலக்கி விளக்கைப் போட்டாள். கம்பி வலையிலிருந்து நூற்றுக்கணக்கான பிரஷ்கள், சுண்டுவிரல் அளவிலிருந்து முழங்கை நீளம்வரை, நிறம் நிறமாகத் தலைகீழாய்த் தொங்கின. மின்விசிறிக் காற்றில் அத்தனையும் ஒன்றாகச் சிலிர்த்தன. கூடமே மூச்சுவிடுவது போலிருந்தது.

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது.

"நம்ம வீட்டு பிரஷா இது?" என்று மாமியாரும் எழுந்து வந்துவிட்டார்.

"ஒண்ணு குடு," என்றார் கணவர், குரல் இறங்கி.

கொடுத்தாள். "காசு? மொத வியாபாரங்க!"

"நாளைக்குத் தரேன்."

கண்காட்சியே முடிந்துவிட்டது. அவர் இன்னும் தரவில்லை.