ஓடு உரித்த மாத்திரை

போன வருஷம் ஐப்பசி மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

எங்களுக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு கிராமம். பறி என்கிற ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி எறா, அதாவது இறால், பிடிக்கிற வேலை எனக்கு. உள்ளங்கைக்குக் கீழே எறா துள்ளும் பாருங்கள், அந்தச் சுகம் பேரப்பிள்ளையைத் தூக்கினால்கூட வராது. மருமகள் முறைக்கிறாள். எழுதும்மா, உண்மைதானே.

அப்படி இருந்தவளுக்கு வயிற்றில் புண் வந்து ரத்தமாக வாந்தி எடுத்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு, லேசர் என்கிற ஒளியால் உள்ளேயே சுட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. வெளிச்சத்தால் சதையைச் சுடலாம் என்று ஊரில் சொன்னால் ஒருத்தியும் நம்பவில்லை. "மீனை எதுலடி காய வெக்கற? வெயிலும் வெளிச்சந்தானே?" என்றேன். அப்புறம்தான் நம்பினார்கள்.

புண் ஆற கேப்சூல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆறவில்லை. மறுபடி வலி, மறுபடி அதே வார்டு. பெரிய டாக்டர், "இப்படியே இருந்தா வயித்தைத் திறந்துதான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வயிற்றைக் கிழித்துத் தைத்தவள் மறுபடி ஏரியில் எப்படி உட்காருவாள்? எங்கள் தெருவில் அப்படி ஆபரேஷன் ஆன ஒருத்தி இன்னும் கரையிலேயே இருக்கிறாள்.

மறுநாள் காலை சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருவர் வந்தார். மருந்து குடலில் எப்படிச் சேருகிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறவராம். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்றார்.

"ஒரு வேளை வுட்டதில்ல கண்ணு."

அத்தோடு போயிருக்கலாம். போகவில்லை. "எங்க, போடுங்க பார்க்கலாம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கம்போல மாத்திரையைப் பிரித்து, ஓட்டைத் தூர எறிந்து, உள்ளே இருந்த குட்டி மணிகளை டம்ளர் அடியால் மாவாக நசுக்கினேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஓட்டை எடுக்கறேன். எறாவ ஓட்டோட யாராச்சும் துன்னுவாங்களா? உள்ள இருக்கறது நல்லா ஒடம்புல புடிக்கட்டும்னு நசுக்கறேன்."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். டாக்டருக்கும் சிரிப்புதான், ஆனால் திட்டவில்லை. "மேல் ஓடு போனாக்கூட பரவாயில்லம்மா. அந்த மணி மேல ஒரு பூச்சு இருக்கு. வயித்துல இருக்கற புளிப்பு மருந்தைக் கெடுத்துடும். குடலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அந்தப் பூச்சுதான் காவல். நசுக்கிட்டா மருந்து வழியிலேயே வீணாயிடும்."

"இன்னாது, ஐஸ் போடாம எறாவ மெட்ராசுக்கு அனுப்புன கதையா? பொன்னேரி தாண்டறதுக்குள்ள நாறிப் பூடுமே."

"அதேதான். இனிமே கடிக்காம, நசுக்காம முழுங்குங்க" என்றார். அவரே பெரிய டாக்டரிடம் பேசி, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். நானும் ஒழுங்காக முழுங்கினேன்.

மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது புண் ஆறியிருந்தது. "கத்தி வேணாம், வீட்டுக்குப் போங்க" என்றார் பெரிய டாக்டர்.

"ஏரிக்கும் போலாமா சாமி?"

"தாராளமா போங்க."

தை பிறந்ததும் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

மாத்திரை போட்டாச்சா என்று மகன் கேட்டான், மருமகள் கேட்டாள், நர்ஸும் கேட்டாள். போட்டாச்சு என்று நானும் உண்மையைத்தான் சொன்னேன். எப்படிப் போடுகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தோன்றியது அந்தப் பெண் டாக்டர் ஒருத்தருக்குத்தான். அதனால் இப்போதெல்லாம் யார் வீட்டில் யார் மருந்து சாப்பிட்டாலும், நானும் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.