ரத்தமா, காய்ச்சலா

மகள் ஹஸீனாவின் வலது கைப் பெருவிரல் உள்ளங்கைக்குள் மடிந்தே கிடந்தது. குளிப்பாட்டும்போது மற்ற விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி அதை வெளியே எடுப்பேன். விட்டதும் பழையபடி உள்ளே போய்விடும். பிறந்த பிள்ளைகள் கையைப் பொத்தித்தான் வைத்திருக்கும் என்றார்கள். அயல்வீட்டுப் பிள்ளைகள் குப்புறப் புரண்டு, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகும் ஹஸீனாவின் கை விரியவில்லை. தூக்கினால் அவள் கால்கள் கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி விறைத்துக்கொண்டன.

இதை வாசிக்கும் உங்களில் சிலருடைய மடியிலும் இப்படியொரு பிள்ளை இருக்கலாம். உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த நோய்க்குக் காரணம் தேடிய விதத்தை மட்டும் சொல்கிறேன். நோயைவிட அதுதான் என்னை வாட்டியது.

நாங்கள் இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனை முஸ்லிம்கள். என் கணவர் நஸார் எனக்கு மச்சான் முறை. அவருடைய உம்மா என் வாப்பாவின் கூடப்பிறந்த சகோதரி. கலியாணத்துக்கு முன்பும் பின்பும் அவர் எனக்கு மாமிதான். எங்கள் பக்கத்து வழக்கப்படி நஸார் என் வீட்டுக்கு வந்து குடியிருந்தார். மாமியின் வளவு அடுத்த ஒழுங்கையில். என் தங்கை ருஸ்னாவை நஸாரின் தம்பி ரிபாய்க்கு என்று சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

ஹஸீனா வயிற்றில் இருந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கல்முனை ஆஸ்பத்திரிக்குத் தமிழர் ஊரான பாண்டிருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். சண்டை நடந்த அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் அந்த வழியால் போகப் பயந்தார்கள். அங்குள்ளவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வரப் பயந்தார்கள். ஒரு காலையில் எனக்கு நீர் கசியத் தொடங்கியது. மதியத்துக்குள் உடம்பு கொதித்தது.

"தலப்புள்ளைக்குத் தண்ணி முந்தித்தான் போகும். வலி வரட்டும். இந்த ரோட்டால இப்ப போய் உசிரக் குடுக்கயா?" என்றார் மாமி.

வலி மறுநாள்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் என்னை இறக்கியபோது எனக்கு முழு நினைவில்லை. பிள்ளை அழவில்லை என்றும், வைத்தியர்கள் பாடுபட்டுத்தான் மூச்சைக் கொண்டுவந்தார்கள் என்றும் பிறகு சொன்னார்கள்.

பாதை கொஞ்சம் திறந்ததும் அவளைக் கண்டிக்குக் கொண்டுபோனோம். அங்கே பிள்ளைகளின் நரம்பு நோய் பார்க்கும் பெண் வைத்தியர் நெடுநேரம் பரிசோதித்தார். பெருமூளை வாதம் (பிறப்புக்கு முன்போ, பிறப்பையொட்டியோ மூளை பழுதுபடுவதால் உடம்பின் அசைவு கட்டுப்படாமல் போகும் நிலை) என்றார். முழுதாகக் குணமாகாது, ஆனால் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் இறுக்கம் குறையும் என்றார்.

"எதால வந்தது, டொக்டர்?" என்று நஸார் கேட்டார்.

"இதுதான் காரணம் என்று ஒன்றைப் பிடித்துச் சொல்ல முடியாது. பனிக்குடம் (கருப்பையில் பிள்ளை மிதக்கும் நீர்ப்பை) உடைந்து அதிக நேரம் போயிருக்கிறது. தாய்க்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. உள்ளே கிருமி போய் அழற்சி (கிருமியை எதிர்த்து உடம்பு கொதித்து வீங்குவது) வந்தால் அது பிள்ளையின் மூளையையும் தாக்கும். நீங்கள் இரண்டு பேரும் நெருங்கிய சொந்தம். சில குடும்பங்களில் பரம்பரையாக ஒரு பலவீனம் மறைந்திருக்கும். அப்படி இருந்தால் அதே அழற்சி அந்தப் பிள்ளையைக் கூடுதலாகப் பாதிக்கலாம். உங்களுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க இப்போது இங்கே வசதியில்லை."

பஸ்ஸில் ஹஸீனா என் மடியில் விறைத்துக் கிடந்தாள். மகியங்கனை தாண்டியதும் நஸார் என் பக்கம் திரும்பினார். "ரத்தத்தில இரிக்கி எண்டுட்டாவே," என்றார்.

"காய்ச்சலையுந்தானே செல்லின?"

"காய்ச்சல் ஊர்ல ஆருக்கு வராம இரிக்கி?"

வைத்தியர் சொன்னதில் பாதிதான் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. மற்றப் பாதியை எடுத்தால், என்னை வீட்டில் வைத்திருந்தது யார் என்ற கேள்வி வரும். ரத்தத்தில் அந்தக் கேள்வி இல்லை.

ஆனால் ரத்தம் என்றால் அது மாமியின் ரத்தமும்தான். அதற்கும் அவர் வழி கண்டுபிடித்தார். "எங்கட பரம்பரையில இப்பிடி ஒண்டு பொறந்ததில்ல. இவட உம்மாட பக்கத்தாலதான் வந்திரிக்கி," என்றார். என் உம்மாவின் ரத்தம் ருஸ்னாவிலும் ஓடியது. ரிபாய்க்குப் பேசிய பேச்சு அத்தோடு நின்றது.

அதுவரை ஹஸீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கை முழுக்கத் திரிந்தவள் ருஸ்னா. அதற்குப் பிறகு பிள்ளை அழுதாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். நான் கோபப்படவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது.

கல்முனையில் இயன்மருத்துவம் (கை கால்களை அசைத்தும் நீட்டியும் செய்யும் சிகிச்சை) பழக்கிவிட்டார்கள். தினமும் காலையிலும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் அவள் தொடைகளை விரித்து, குதிகால் நரம்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவள் வீரிட்டு அழுவாள். விட்டுவிட்டால் தசை இன்னும் சுருங்கும். அவளை நோகடிப்பது என் அன்றாட வேலையானது. பாயை விரித்தாலே அவள் முகம் கோணும். அந்த வீட்டில் தன்னை வருத்துகிற ஒரே ஆளாக அவள் என்னைத்தான் அறிந்திருந்தாள். பசித்தால் தேடியதும் என்னைத்தான்.

நாலு வயதில் தலை நின்றது. அதற்கு மேல் எதுவும் நிற்கவில்லை. இடையில் வலிப்பும் சேர்ந்துகொண்டது.

ரிபாய் பிடிவாதக்காரர். ருஸ்னா இல்லாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று இருந்தார். மாமி கடைசியில் இறங்கிவந்தார். கலியாணம் நடந்தது. சீதன வீடு என் பேருக்குப் போய்விட்டதால் ருஸ்னா மாமியின் வளவில் குடியிருந்தாள். மறு வருடம் ருஸ்னா உண்டானாள்.

மாதம் நெருங்கிய ஒரு நாள் முற்பகலில் அவளைப் பார்க்கப் போனேன். சுவரோரம் சாய்ந்திருந்தாள். உடுப்பு நனைந்திருந்தது. நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

"எப்பயிருந்து?"

"விடிய சுபஹுலயிருந்து, ராத்தா."

மாமி அடுப்படியிலிருந்து வந்தார். "தலப்புள்ளைக்கு அப்பிடித்தான். வலி வரட்டும்."

ஐந்து வருடத்துக்கு முன்பு சொன்ன அதே சொற்கள். ரிபாயைப் பார்த்து, "வேன் ஒண்டு புடிங்க. இப்பவே," என்றேன். அவர் தன் உம்மாவின் முகத்தைப் பார்த்தார். "என்ட புள்ளையப் பாத்துட்டுப் பொறகு உம்மாவப் பாருங்க," என்றேன். அவர் ஓடினார்.

ஹஸீனாவை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அவளையும் மடியில் போட்டுக்கொண்டேன். அன்று சோதனைச்சாவடியில் வாகனங்களை வரிசையாக மறித்துவைத்திருந்தார்கள். எங்கள் வேனுக்குள் தலையை நீட்டிய சிப்பாய் ருஸ்னாவைப் பார்க்கவேயில்லை. வெயிலும் ஆட்டமும் தாங்காமல் என் பிள்ளை வில்லாக வளைந்து, வாயோரம் நுரை தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் பின்வாங்கி, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். நோயாளி யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். பொழுதுபடுமுன் ஆண் பிள்ளை பிறந்தது. அழுகைச் சத்தம் வெளியே எனக்குக் கேட்டது. என்னுடைய பிரசவத்தில் கேட்டிருக்க வேண்டிய சத்தம் அது.

தலைமுடி இறக்கிப் பெயர் வைத்த நாளில் ஹஸீனாவைத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பியைப் பக்கத்தில் கிடத்திக் காட்டலாம் என்று நினைத்தேன். ருஸ்னா பிள்ளையை மார்போடு அணைத்து மறுபக்கம் திரும்பினாள்.

"கிட்டக் கொண்டராத, ராத்தா. எனக்குப் பயமா இரிக்கி."

"இது தொத்துற வருத்தமில்ல, புள்ள."

"தெரியும். எண்டாலும்."

வீடு நிறைந்த சனம். மாமி பேரனை வாங்கிக் கையை விரித்துக் காட்டினார். ஐந்து விரலும் விரிந்தன. "பாருங்க," என்றார், சத்தம் போடாமல், நியாயம் பேசுகிறவரைப்போல. "இதுவும் அதே ரத்தந்தானே? ரெண்டு பேரும் சகோதரிமார். ரெண்டு பேரும் கலியாணம் முடிச்சதும் என்ட மகன்மாரத்தான். அப்ப ரத்தத்தில பிழையில்ல. பிழ இவட வயித்திலதான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நஸார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ருஸ்னாவைப் பார்த்தேன். தன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது யார், மறித்தது யார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

சனம் கலைந்த பிறகு கேட்டேன். "ஏன் நீ வாயத் தொறக்கல்ல?"

"தொறந்தா மாமி திரும்ப ரத்தத்துக்குத்தான் வருவா. ஊர் என்ட புள்ளையையும் சந்தேகமாப் பாக்கும்." அவள் என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். "ஒனக்கு இனி இழக்கிறத்துக்கு என்ன இரிக்கி, ராத்தா?"

இருந்தது. நோன்பு வருவதற்கு முன்பே நஸார் தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போனார். வீடு என் பேரில் என்பதால் போனது அவர்தான். வேறு ஊரில், சொந்தமில்லாத இடத்தில் மறு கலியாணம் முடித்தார். போகும்போது ஹஸீனாவின் தலையைத் தொட்டார். என்னிடம், "ஒன்னில எனக்குக் கோவமில்ல," என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

மறுமுறை கண்டிக்கு நான் மட்டும் அவளைக் கொண்டுபோனேன். தங்கையின் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். "அதை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள்," என்றார் வைத்தியர். "பலவீனம் ஒரு பிள்ளைக்குப் போகும், இன்னொன்றுக்குப் போகாது. அல்லது இரண்டுக்குமே இல்லாமலும் இருக்கலாம். நேரத்தோடு வந்ததால் அந்தப் பிள்ளை தப்பியிருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது." தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நீர் கசிந்தால், கர்ப்பத்தில் காய்ச்சல் வந்தால், வீட்டில் யார் என்ன சொன்னாலும் காத்திருக்காதீர்கள். ரத்தத்தை மாற்ற எவராலும் ஏலாது. காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது.

ஹஸீனாவுக்கு இப்போது பத்து வயது. என் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துவிட்டது. வலிப்பு வருமுன் அவள் முதுகில் ஓடும் சிறு நடுக்கம் முதலில் என் முழங்கையில்தான் தெரிகிறது. குழைத்த சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் விழுங்கி முடிக்க, மதிய லுஹர் போய் அஸருக்குப் பாங்கு சொல்லிவிடும். தங்கையின் மகன் மதரசாவுக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டபோது, அதற்குள் அவ்வளவு காலம் போய்விட்டதா என்று இருந்தது.

பெருநாளுக்குச் சட்டை தைக்க நேற்று அவளை அளந்தேன். கால்கள் மடங்கியிருப்பதால் கழுத்திலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால் என்று துண்டு துண்டாகத்தான் அளக்க வேண்டும். கூட்டிப் பார்த்தேன். போன பெருநாளைவிட வளர்ந்திருக்கிறாள். சரிதானா என்று இன்னொரு தடவை அளந்தேன். பிறகு அவளைத் தூக்குவதற்காகக் குனிந்து, கையை அவள் முதுகுக்குக் கீழே கொடுத்து, வளர்ந்த அந்தப் பாரத்தைத் தாழ்ந்த தோளில் ஏற்றினேன்.