தபால்காரனின் தாவல்

ஒசாகாவில், நிப்போன்பாஷிப் பக்கத்து மாடி ஒன்றில் வீடியோ கேம் செய்து பிழைத்த பதினொரு பேரில் சுமியேதான் வயதில் மூத்தவள், சம்பளத்தில் கடைசி. அங்கே அவளுக்கு என்ன வேலை என்று அவள் கணவனாலேயே சரியாகச் சொல்ல முடியாது. "சும்மா உக்காந்து வெளையாடுறா, சம்பளம் குடுக்குறாங்க" என்று பொதுக் குளியல் கூடத்தில் சிநேகிதர்களிடம் சொல்லி வைத்திருந்தார். அதுவும் தப்பு. சுமியே விளையாடவே மாட்டாள். விளையாடுகிறவர்களைப் பார்ப்பாள்.

அதற்கு முன் பத்தொன்பது வருஷம், காசு போட்டு மெஷினில் ஆடும் ஒரு கேம் சென்டரில் சில்லறை மாற்றிக் கொடுக்கும் கூண்டில் உட்கார்ந்திருந்தவள் அவள். அந்தக் கூண்டிலிருந்து ஒரு திரையும் கண்ணில் படாது. ஆடுகிறவர்களின் முகமும் தோளும்தான் தெரியும். புது மெஷின் வந்து இறங்கினால், இது நிற்கும், இது மூட்டை கட்டும் என்று மூன்றாம் நாளே சொல்லிவிடுவாள். அவள் சொன்னது பலித்துக்கொண்டே வந்ததைப் பார்த்த ஒரு மெஷின் வியாபாரி, பிற்பாடு சொந்தமாகக் கம்பெனி தொடங்கியபோது அவளையும் கையோடு கூட்டிப்போனார். தன் கண்ணைப் பற்றி சுமியேவுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அடக்கம் நல்ல குணம்தான். அவளுக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவே.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அந்தக் கம்பெனி தன்னிடம் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தது. முதுகில் பையைச் சுமந்த ஒரு குட்டித் தபால்காரன் விண்வெளியில் கோள் கோளாகப் போய்க் கடிதம் கொடுப்பான். பாறையிலிருந்து பாறைக்குத் தாவ வேண்டும். தவறினால் கீழே ஒரே இருட்டு. இயக்குநர் ஒகிதாவுக்கு இருபத்தெட்டு வயது. தொலைநோக்கியும் கையுமாக வளர்ந்தவன். ஒவ்வொரு கோளிலும் நிஜமான ஈர்ப்பு விசை எவ்வளவோ அவ்வளவுதான் தபால்காரனையும் இழுக்க வேண்டும் என்று ஐந்து மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தான். நிலாவில் எம்பினால் தபால்காரன் மெல்ல மேலே போவான், உச்சியில் சற்று நிற்பான், வந்த வேகத்திலேயே மெல்ல இறங்குவான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மொத்த வியாபாரிகளை ஒரு வாடகை மண்டபத்தில் கூட்டி முதல் காட்சி நடத்தினார்கள். வியாபாரிகள் ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆடிப் பார்த்து, குனிந்து வணங்கி, கையில் வைத்து ஆடும் பொத்தான் பலகையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, எத்தனை வேண்டும் என்று சீட்டில் எழுதிப் போடுவது வழக்கம். அன்று அத்தனை பேரும் பாராட்டினார்கள். நேர்த்தியாக இருக்கிறது என்றார்கள், நட்சத்திரங்கள் பிரமாதம் என்றார்கள். ஒகிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. டிவிக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்த சுமியே மட்டும், திரும்பும் ரயிலில் போட்டு உடைத்தாள். ஒரு தோள்கூட அசையவில்லை, இது போணியாகாது என்றாள். மறுநாள் முதலாளி சீட்டுகளைப் பிரித்தார். பாதிக்கு மேல் வெறும் சீட்டு.

இன்னும் ஐந்து வாரத்தில் இரண்டாவது காட்சி இருந்தது. அதுதான் கடைசி. அதிலும் இப்படியே ஆனால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான் என்று முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். சுமியே அங்கேயே, எல்லோர் முன்பும், தாவலை மாற்றுங்கள் என்றாள்.

"நிலாவுல ஈர்ப்பு ஆறுல ஒரு பங்குதான் அக்கா" என்றான் ஒகிதா. "அதை மாத்தினா பொய் ஆயிடும்."

"தபால்காரன் நிலாவுக்குப் போறதே பொய்தானே தம்பி. மேல போனதுக்கு அப்புறம் அவன் என்ன பண்றான் தெரியுமா? எறங்குறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கான். பஸ்ஸுக்குக் காத்திருக்க யாராவது காசு குடுப்பாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒகிதா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் படிக்காதவர்களிடம் இதைப் பேசிப் பயனில்லை என்று முணுமுணுத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனான். அது அவள் காதில் விழத்தான் செய்தது. படிக்கவில்லைதான், அதனாலென்ன என்று அவள் முதலாளியிடம் ஒரு வாரமும் ஒரு புரோகிராமரும் கேட்டு வாங்கினாள்.

அந்த ஒரு வாரம் புரோகிராமரைப் படாத பாடு படுத்தினாள். தபால்காரன் ஏறுவது நிதானமாக இருக்கட்டும், இறங்கும்போது சட்டென்று விழட்டும் என்றாள். பொத்தானைத் தொட்டு விட்டால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். அந்தரத்தில் இருக்கும்போதும் இடது வலது திருப்ப முடிய வேண்டும். பாறையின் விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும், கண் இமைக்கும் நேரத்துக்குத் தாவ விடவேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு, இது கள்ளாட்டம் இல்லையா என்றார் புரோகிராமர். ஆடுகிறவனுக்குச் சாதகமாகச் செய்தால் அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், தன் சாமர்த்தியம் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள் என்றாள். கோளுக்குக் கோள் வித்தியாசம் தெரிந்தால் போதும், நிஜமாக இருக்க வேண்டியதில்லை என்பது அவள் கட்சி.

வாரம் முடிந்ததும் சுமியே, கீழ்த்தளத்து உதோன் நூடுல்ஸ் கடைக்கார அம்மாளான மசுயோவை மேலே அழைத்து வந்தாள். மசுயோ அதுவரை பொத்தான் பலகையைக் கையால் தொட்டதில்லை. சுமியே ஒகிதாவை டிவிக்குப் பக்கத்தில், திரை தெரியாதபடி, மசுயோவைப் பார்த்து உட்காரவைத்தாள். முதலில் பழைய தாவல். மசுயோ மரியாதையாக ஆடினாள். விழுந்தாள், எழுந்தாள். நட்சத்திரமெல்லாம் லட்சணமாக இருக்கிறது என்றாள். இரண்டு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பிறகு புதியது. இரண்டாம் தடவை விழுந்ததுமே மசுயோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். தபால்காரன் எம்பும்போதெல்லாம் அவளுடைய வலது தோளும் எம்பியது. கீழேயிருந்து அவள் கணவர், நூடுல்ஸ் வெந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். "நீங்களே வடிங்க" என்று கத்தினாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். மறுபடி விழுந்தாள். போதும் என்று சுமியே கை நீட்டியபோது பொத்தான் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இருங்க, இருங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். "இன்னும் ஒரே தடவை."

சுமியே ஒகிதாவின் பக்கம் திரும்பினாள். "மொதல்ல விழுந்தப்போ அவங்க யாரையும் திட்டல. இப்போ தன்னையே திட்டிக்கிறாங்க. தன் தப்புன்னு தோணினாத்தான் தம்பி, மறுபடி ஆடத் தோணும்."

ஒகிதாவுக்கு வலித்தது. ஐந்து மாத உழைப்பு என்பதற்காக மட்டுமில்லை, அந்த நிலா அவனுக்கு உயிர். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான். ஒரு இடத்திலாவது நிலாவை நிலாவாகவே விட்டுவைக்கலாமா என்றான். சுமியே இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"எல்லாக் கடுதாசியும் குடுத்து முடிச்சதுக்கு அப்புறம் வை. விழுறதுக்குப் பள்ளமே இல்லாத எடமாப் பாத்து வை. வேலை முடிஞ்சவன் மெதந்துட்டுப் போறான்."

அவன் எழுந்து இடுப்பு வரை குனிந்து வணங்கினான். சுமியேவுக்குக் கூச்சமாகிவிட்டது. மசுயோவை வழியனுப்புகிற சாக்கில் கீழே போய்விட்டாள்.

இரண்டாவது காட்சிக்கு இவாசே வந்திருந்தார். ஒகயாமாப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சரக்கு அனுப்புகிற பெரிய கை. வாயைத் திறக்காத மனிதர். அவர் என்ன எழுதுகிறாரோ அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் எழுதுவார்கள். அவர் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார். மூன்றாவது கோளில் ஒரு பாறைக்குத் தாவ முடியாமல் விழுந்தார். ஏழு தடவை விழுந்தார். ஐந்து நிமிஷம் தாண்டியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தொண்டையைச் செருமினார்கள். அவர் குனியவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"இந்தப் பாறையை இவ்வளவு தள்ளி வெச்சது யாரு?" என்று கேட்டார். குரலில் நிஜமான கோபம்.

ஒகிதா மன்னிப்புக் கேட்கக் குனிந்தான். பாதி குனிந்தவனை சுமியே கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்து நிமிர்த்தினாள். பேசாமல் நில் என்று கண்ணால் சொன்னாள். இவாசே எட்டாவது தடவையும் விழுந்துவிட்டு, வேண்டா வெறுப்பாகப் பொத்தான் பலகையை அடுத்தவரிடம் கொடுத்தார். கொடுத்தவர் நகரவில்லை. வாங்கியவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, இப்போது அழுத்து, இப்போது விடு என்று அந்த ஆளை ஆட்டிவைத்தார். அந்த ஆளும் அதே இடத்தில் விழுந்தபோதுதான் இவாசேயின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிறகு நேராக சுமியேவிடம் வந்தார்.

"இதைச் சாயந்தரம் வரைக்கும் வெச்சிருப்பீங்களா? அந்தப் பாறையைத் தாண்டாம நான் ஊருக்குப் போக முடியாது."

"மூணு மணிக்குக் காலி பண்ணிடுவோம் ஐயா. கடைக்கு வந்ததும் வாங்கி, வீட்டுல வெச்சு நிதானமா ஆடுங்க."

"கடைக்கு எப்போ வரும்?"

"அது நீங்க சீட்டுல எழுதுறதைப் பொறுத்தது" என்றாள் சுமியே.

இவாசே அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு சீட்டை எடுத்தார், சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார், பேனாவுக்காக ஒகிதாவிடம் கையை நீட்டினார்.