திருட்டு வாசலை அடைத்தவர்

அந்த ரயில் நிலையத்துக்கு ஒரே முகம், அதுவும் மேற்குப் பார்த்த முகம். மேற்கே இருந்த நூல் ஆலைக்காகக் கட்டியது அது, மனிதர்களுக்காகக் கட்டியதல்ல. கிழக்கே அப்போது வெறும் முள்காடு. ஆலை மூடிப்போய், கிழக்கே ஆயிரம் வீடுகள் முளைத்த பிறகும் நிலையம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மின்சார ரயில் வந்தபோது, இருந்த ஒரு கேட்டையும் மூடி ஆள் உயரச் சுவர் எழுப்பினார்கள். கிழக்கில் இருப்பவன் ரயில் பிடிக்க வேண்டுமானால் மேம்பாலத்தில் அறுபத்திரண்டு படி ஏறி, அறுபத்திரண்டு படி இறங்க வேண்டும். எவன் ஏறுவான்? சுவரில் ஓட்டை போட்டார்கள்.

அந்த ஓட்டைக்குத் திருட்டு வாசல் என்று பெயர். ஒரு பால்காரர் அதன் வழியாகப் போய்த் தண்டவாளத்தில் ஒரு காலைப் பறிகொடுத்தார். மறுநாள் காலையும் எல்லோரும் அதே வழியில்தான் வேலைக்குப் போனார்கள்.

அதை அடைப்பது ரயில்வே கொத்தனாரின் வேலை. இருபத்தாறு வருடமாக, மேலதிகாரி வந்து கத்தும்போதெல்லாம் அவர் அடைப்பார். இரண்டு நாளில் ஊர் இடிக்கும். கொடுமை என்னவென்றால், அவர் குடியிருந்ததும் கிழக்கேதான், ஓட்டையிலிருந்து மூன்றாவது வீடு. 'அடைப்பான்' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். ஓட்டைக்கு எதிரே சலூன் வைத்திருந்தவருக்கு அந்த வழியாகப் போகிற கூட்டம்தான் வியாபாரம். அவர் கொத்தனாரின் தலைமுறையையே இழுத்துக் கரித்துக்கொட்டுவார்.

யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல் போட வேண்டிய இடத்தில் கொத்தனார் பன்னிரண்டு போடுவார். நாலு உதை விட்டால் கல் தானாகக் கழன்று வரும், யாருக்கும் கை கிழியாது. மிச்ச சிமெண்டை வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆளில்லை அவர். நடைமேடை விரிசல்களில் பூசிவிடுவார். இப்படி மனசாட்சியோடு மோசடி செய்தவர் வாங்கியதெல்லாம் வசவுதான்.

போன வருடம் அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது, கிழக்கு வாசல் கேட்டு ஊர் கொடுத்த மனுவை ஒரு அதிகாரி புரட்டுவதைப் பார்த்தார்.

"மேம்பாலத்துல காலையில எத்தனை பேர் ஏறுறாங்க?"

"முப்பத்தெட்டு பேர் சார்" என்றார் குமாஸ்தா.

"முப்பத்தெட்டு பேருக்கு ஒரு வாசலா? தூக்கிப் போடுய்யா."

கொத்தனாருக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. வருடத்துக்கு ஒருநாள் ஆள் வைத்துத் தலையை எண்ணுகிறார்கள். ஊரே ஓட்டையில் நுழைந்தால் பாலத்தில் எவன் ஏறுவான், எவன் எண்ணுவான்? வாசல் வராமல் தடுத்தது தன்னுடைய மணல்தான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அடுத்த தடவை கலவையை ஒன்றுக்கு மூன்றாகக் குழைத்தார். கம்பி கொடுத்துக் கட்டி, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினார். ஊர் உதைத்தது, ஊருக்குத்தான் கால் வீங்கியது. கடப்பாரை வளைந்தது.

அதன்பின் ஆரம்பித்தது பாருங்கள், அப்படியொரு பகை. குப்பையெல்லாம் அவர் வீட்டு வாசலில் விழுந்தது. மளிகைக்கடையில் அவர் முகத்தைப் பார்த்தாலே பொருள் தீர்ந்துபோனது.

"நான் ஒனக்கு முடி வெட்ட மாட்டேன், போ" என்றார் சலூன்காரர். "செவுத்துல தேய்ச்சுக்கோ, தானா உதிரும்."

காரணத்தைச் சொல்லலாம்தான். சொன்னால் பழைய மணல் கதையும் வெளியே வரும், வேலை போகும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

வீட்டில் அதைவிட மோசம். அவர் மனைவிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை. இடது முழங்கால் எப்போதோ தேய்ந்துபோனது. "என் கால உடைக்கிறதுக்குன்னே கட்டுனீங்க" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். பிறகு பேச்சே இல்லை. எண்ணுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் கொத்தனார் அவளிடம் மட்டும் முழுவதையும் சொன்னார். பதிலுக்குத் தட்டைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? சுவரைக் கண்டித்து, அன்றைக்கென்று பார்த்து, சலூன்காரர் தலைமையில் ஊர் போராட்டம் அறிவித்தது. ஒருவரும் மேம்பாலத்தில் கால் வைக்கக் கூடாதாம். ஊரே கறுப்புத் துணி குத்திக்கொண்டு பஸ்ஸில் போனது. இவர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளத் தெரியாது.

நடைமேடைக் கோடியில் கழிப்பறைத் தரை போட்டுக்கொண்டிருந்த கொத்தனார், வேலை முடிந்ததும் எண்ண வந்த ஆளிடம் ஓடினார்.

"பதினொண்ணு" என்றான் அவன். "அதுலயும் ஏழு ஒரே அம்மா. பச்சைப் பையை வச்சுக்கிட்டு, முழங்காலப் புடிச்சிக்கிட்டு, ஏறுறாங்க, அந்தப் பக்கம் போறாங்க, திரும்பி வந்து மறுபடி ஏறுறாங்க. பைத்தியம் போல. ஏறுனது ஏறுனதுதானேன்னு எழுதிட்டேன்."

பச்சைப் பை அவருக்குத் தெரிந்த பைதான். மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது.

கொத்தனார் கிடங்கிலிருந்து சம்மட்டியும் உளியும் எடுத்துக்கொண்டு நேரே சுவருக்குப் போனார். வெயில் இன்னும் சாயவில்லை. கூட்டம் கூடிவிட்டது.

"இப்பதான்டா அடைப்பானுக்குப் புத்தி வந்திருக்கு!" என்று சலூன்காரர் கை தட்டினார்.

சம்மட்டியை ஓங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கை வச்சீங்க, அந்தக் கைய ஒடிச்சுப்புடுவேன்."

மனைவி ஒரு காலை இழுத்துக்கொண்டு கூட்டத்தைத் தள்ளி வந்தாள். இத்தனை மாதம் அவரிடம் பேசாததையெல்லாம் சேர்த்து ஊரிடம் பேசினாள். "பாலத்துல ஏறுனா எண்ணுவான், எண்ணுனா வாசல் வரும். இதுகூடத் தெரியாம துணி குத்திக்கிட்டு நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"புருஷன் ரயில்வே ஆளு, பொண்டாட்டி வேற எப்படிப் பேசுவா?" என்றார் சலூன்காரர். கூட்டம் சிரித்தது. காறித் துப்பிவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

கொத்தனார் அவள் பக்கம் திரும்பினார். "பதினொண்ணுதான். வாசல் வராது. உடைச்சிடுறேன், உன் காலாவது மிஞ்சட்டும்."

"அடுத்த வருஷம் எண்ண வருவான்ல? அதுவரைக்கும் நான் ஏறுறேன். நீங்க உடைச்சா இந்த ஏழும் வீண்."

நிற்க முடியாமல் அப்படியே சுவரில் முதுகைச் சாய்த்துச் சரிந்து உட்கார்ந்தாள். தலையைப் பின்னால் வைத்து ஒருதரம் மோதிப் பார்த்தாள். அசையவில்லை.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்றாள். "எந்திரிக்க முடியல. கையக் குடுங்க."